அயலார் கடனும் ஆரணித் தறியும்

(ஆரணியில் நெசவாளர்முன் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கடன் என்னும் சொல் தமிழில் இருபொருள் உடையது. பெற்ற பொருளைத் திருப்பித் தரவேண்டிய பொறுப்பும் கடன். செய்தே தீரவேண்டிய கடமையும் கடன். பிற மொழியார் இவ்விரண்டிற்கும் வேறுவேறு சொல் வைத்திருக்கலாம். தமிழன் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கினான். வாங்கியவனுக்குத் திருப்பித் தருதல் கடன் என்றால், கொடுப்பவனுக்கும் ஒரு கடன் உண்டு என்பதை இச்சொல் உணர்த்தி நிற்கின்றது. நல்ல காலத்தில் வீடு தேடி வந்து கொடுத்தவன், அல்லற் காலத்தில் கதவை அடைக்காதிருத்தலே அக்கடன். அயல்நாட்டார்க்கு உடைமையான வைப்பகங்கள், அஃதாவது வங்கிகள், பொருளியல் சரிவு நேரும் காலங்களில் அக்கடனை எவ்வாறு ஆற்றுகின்றன என்பதே இன்றைய உரையின் பொருள்.

குழித்தறியில் அமர்ந்து கூலிக்கு நெய்பவனுக்கும், இலண்டனிலும் நியூயார்க்கிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பணப்பேழைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். தொடர்பு உண்டு. அதை முதலில் தறியிலிருந்தே காண்போம்.

கமண்டல நாக ஆற்றங்கரையில் அமைந்த ஆரணி, அரிசிக்கும் பட்டுக்கும் பெயர்பெற்ற ஊர். இங்கே ஒரு புடைவை தறியில் ஏறுமுன்பே அதற்குள் கடன் ஏறிவிடுகின்றது. கருநாடகத்திலிருந்து வரும் பட்டுநூலுக்கும், சூரத்திலிருந்து வரும் சரிகைக்கும் முன்பணம் வேண்டும். சாயம் ஏற்றவும் பாவு ஓட்டவும் கூலி வேண்டும். நெய்து முடித்த புடைவை நகரத்துப் பெருங்கடைக்குச் சென்று, விலைபோய், பணமாகத் திரும்பப் பல திங்கள் ஆகும். இந்த இடைவெளியை நிரப்புவதே கடன். பெருங்கடைக்காரர் தம் வைப்பகக் கடனைக்கொண்டு பட்டு முதலாளிக்குப் பணம் தருகின்றார். பட்டு முதலாளி தம் வைப்பகக் கடனைக்கொண்டு நூல் வாங்கி, நெசவாளிக்குப் பாவும் ஊடையும் கூலியும் தருகின்றார். மேலே ஒரு கண்ணி அறுந்தால் கீழே ஒரு தறி நிற்கும். அறுத்தவன் யார் என்பது தறியில் இருப்பவனுக்குத் தெரியாது.

வணிகர் வாங்கும் இந்நடைமுறைக் கடனில் ஒரு நுட்பம் உண்டு. அது பெரும்பாலும் ஓராண்டுக்கு உரியது. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. அன்றியும், வைப்பகம் கேட்டவுடன் திருப்பித் தரவேண்டும் என்னும் கட்டுப்பாடும் அதன் ஆவணத்தில் எழுதப்பட்டிருக்கும். ஆகவே சரிவுக் காலத்தில் கடன் இல்லை என்று எவரும் வாய்விட்டுச் சொல்லவேண்டியதில்லை. புதுப்பிக்காமல் விட்டால் போதும். வரம்பைச் சிறிது குறைத்தால் போதும். இன்னும் ஓர் ஈடு கொண்டுவருக என்றால் போதும். ஓசையின்றிக் கடன் வற்றிவிடும்.

இவ்வாறு வற்றச் செய்யும் முடிவு எங்கே எடுக்கப்படுகின்றது? இதுவே முதன்மையான வினா. வைப்பகத்தின் உடைமை எங்கே இருக்கின்றதோ அங்கேதான் இறுதி முடிவும் இருக்கும். தன் வீடு தீப்பற்றினால், எவனும் ஊர்க்கிணற்றில் தான் வைத்திருக்கும் பங்குநீரைத் தன் வீட்டிற்கே இறைத்துக்கொள்வான். இது வெள்ளையன் கெட்டவன், கறுப்பன் நல்லவன் என்னும் பேச்சன்று. உடைமையின் இயல்பு இது. வரலாற்றைப் புரட்டினால் இது தெளிவாகும்.

சென்னையில் ஆங்கிலேயர் நடத்திய பெரிய பண நிறுவனங்களுள் ஒன்று அர்பத்நாட்டு நிறுவனம். வழக்குரைஞரும் அலுவலரும் கைம்பெண்டிரும் தம் வாழ்நாள் சேமிப்பை நம்பி அங்கே வைத்திருந்தனர். அந்நிறுவனத்தின் இலண்டன் பங்காளியாகிய மக்பேடியன் என்பார் துணிச்சலான முதலீடுகளில் பெரும்பணத்தை இழந்து, 1906 அக்குதோபரில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்து, 22.10.1906 அன்று சென்னையில் அர்பத்நாட்டு கதவடைத்தது. இலண்டனில் தோற்றுப்போன ஆட்டத்திற்குச் சென்னையில் சேமித்தவன் விலை கொடுத்தான். நிறுவனத் தலைவர் சர் சார்சு அர்பத்நாட்டு 18 திங்கள் கடுஞ்சிறை பெற்றார். போன பணம் முழுமையாகத் திரும்பவில்லை. அந்த அடியிலிருந்துதான் வழக்குரைஞர் வி. கிருட்டிணசாமி ஐயர் முதலானோர் முயன்று, நாட்டினர்க்கே உரிய இந்தியன் வைப்பகத்தை நிறுவினர். அது 15.8.1907 அன்று தொழில் தொடங்கியது. பட்டுவிட்டு அழுதுகொண்டே இராமல், பத்துத் திங்களுக்குள் மாற்று ஒன்றைக் கட்டியெழுப்பினர் என்பது இங்கே கருதத்தக்கது.

இனி, ஒரு கசப்பான செய்தியையும் மறைக்காமல் சொல்லியாகவேண்டும். அயலார் கடன் என்னும் கதையில் தமிழன் எப்போதும் வாங்கியவனாகவே இருந்தான் அல்லன். ஒரு நாட்டில் அவனே கொடுத்த அயலான். அந்நாடு பருமா.

செட்டிநாட்டு நகரத்தார் பருமாவின் நெல்வயல்களுக்குக் கடன் கொடுத்தனர். 1929-30இல் அந்நாட்டு வைப்பகத் தொழிலை ஆய்ந்த குழுவின் கணக்குப்படி, அங்கே ஏறத்தாழ 1,650 நகரத்தார் கடைகள் இருந்தன. அவர்கள் இட்ட முதல் ஏறத்தாழ 75 கோடி உருபா. காடாகவும் சதுப்பாகவும் கிடந்த கீழைப் பருமா, உலகிற்கே அரிசி அனுப்பும் நாடானதற்கு அக்கடன் ஒரு பெருங்கரணியம். பருமிய உழவனுக்கு வெள்ளையர் வைப்பகங்கள் நேரே கடன் கொடுக்கவில்லை, தமிழன்தான் கொடுத்தான். இதில் ஐயமில்லை.

ஆனால் 1930இல் உலகப் பெருஞ்சரிவு வந்தது. நெல்விலை ஏறத்தாழப் பாதியாக வீழ்ந்தது. உழவன் வட்டி கட்ட இயலவில்லை. நகரத்தாரோ ஊரில் தம் உறவினரும் கோயில்களும் நம்பி ஒப்படைத்த பணத்திற்கு விடைசொல்ல வேண்டியவர்கள். அவர்களுக்கு மேலேயும் வெள்ளையர் வைப்பகங்கள் இருந்தன. ஆகவே புதுக்கடன் நின்றது. பழைய கடனுக்கு நிலம் கைமாறியது. கீழைப் பருமாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் நகரத்தார் கையிலிருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1938இல் அது நூற்றுக்கு 25 பங்கு. அவர்கள் நிலத்தை விரும்பிச் சென்றவர் அல்லர், பணத்தையே விரும்பினர். ஆயினும் நிலமிழந்த உழவன் கண்ணுக்கு, மழை பொய்த்த ஆண்டில் ஏரியையும் எடுத்துக்கொண்டு போகும் அயலானாகவே அவர்கள் தோன்றினர். விடுதலை பெற்ற பருமா 1948இல் நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் செய்தது. இட்ட முதலின் பெரும்பகுதியை நகரத்தார் இழந்தனர். கொடுத்தவனும் கெட்டான், வாங்கியவனும் கெட்டான்.

பருமிய உழவன் இடத்தில் ஆரணி நெசவாளியை நிறுத்திப் பார்த்தால் பாடம் விளங்கும். கடன் கொடுப்பவன் நல்லவனா தீயவனா என்பதன்று வினா. விளைச்சல் ஓரிடத்தும், கடனின் வேர் வேறோரிடத்தும் இருந்தால், வெயில் அடிக்கும்போது வேர் உள்ள இடத்திற்கே நீர் போகும்.

அண்மைக் காலத்திற்கு வருவோம். 2008 செப்டம்பரில் அமெரிக்காவில் இலேமன் பிரதர்சு என்னும் பண நிறுவனம் நொடித்தது. நோய் பிறந்த இடம் அமெரிக்கா. இந்திய வைப்பகங்கள் அந்நோயில் பெரிதும் சிக்கவில்லை. ஆனால் இங்கே இயங்கிய அயல்நாட்டு வைப்பகங்கள் என்ன செய்தன? இரிசர்வு வங்கி எனப்படும் நடுவண் வைப்பகம் வெளியிட்ட கணக்கைக் காண்க. 2008 மார்ச்சுடன் முடிந்த ஆண்டில் அயல்நாட்டு வைப்பகங்களின் கடன் ஏறத்தாழ 28 விழுக்காடு வளர்ந்திருந்தது. பொதுத்துறை வைப்பகங்களின் வளர்ச்சியோ 22 விழுக்காடு அளவே. செழிப்பில் அயலாரே முந்தி நின்றனர். அடுத்த ஆண்டில், 2009 மார்ச்சில், அயல்நாட்டு வைப்பகங்களின் கடன் வளர்ச்சி 4 விழுக்காடாகச் சுருங்கியது. பொதுத்துறை வைப்பகங்களின் வளர்ச்சி 20 விழுக்காடாக நிலைத்து நின்றது. ஓராண்டு இடைவெளியில் முந்தியவர் பிந்தினர், பிந்தியவர் தாங்கினர். உள்நாட்டுத் தனியார் வைப்பகங்களும் 20 விழுக்காட்டளவிலிருந்து 11 விழுக்காட்டளவிற்குத் தளர்ந்தன என்பதையும் மறைக்கலாகாது.

இங்கேதான் ஆரணித் தறி இக்கதைக்குள் வருகின்றது. அயல்நாட்டுக் கடன் வற்றியபோது, அதுவரை வெளிநாட்டில் கடன் பெற்றுவந்த பெருநிறுவனங்கள் உள்நாட்டு வைப்பகங்களின் வாயிலுக்குத் திரும்பிவந்தன. யானை குளத்தில் இறங்கினால் குருவிக்கு நீர் எங்கே? சிறுவணிகனும் பட்டு முதலாளியும் வரிசையில் பின்னுக்குத் தள்ளப்படும் இடர் அப்போதுதான் உண்டாகின்றது. அயல்நாட்டு வைப்பகத்தின் படியை மிதித்தே அறியாதவனையும் அதன் பின்வாங்கல் இவ்வாறு தொடும்.

இது இந்தியாவிற்கு மட்டும் உரிய பட்டறிவன்று. 1990ஆம் ஆண்டையொட்டிச் சப்பானில் பங்குவிலையும் நிலவிலையும் வீழ்ந்தபோது, அமெரிக்காவில் இயங்கிய சப்பானிய வைப்பகக் கிளைகள் அங்கே கடனைக் குறைத்தன. 2008-09இல் கிழக்கு ஐரோப்பாவில் இடர் பெரிதாயிற்று. அங்கேயுள்ள பல நாடுகளில் வைப்பகங்களின் பெரும்பகுதி ஆத்திரியா, இத்தாலி, சுவீடன் முதலிய நாட்டாரின் உடைமை. தாய் வைப்பகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பணத்தைத் திரும்ப எடுத்தால் அந்நாடுகள் மூழ்கும் என்னும் நிலை. ஆகவே 2009 சனவரியில் வியன்னாவில் ஒரு முயற்சி தொடங்கிற்று. அரசுகளும் பன்னாட்டுப் பண நிறுவனங்களும் தாய் வைப்பகங்களை ஒன்றாக அமர்த்தி, அங்கேரி, உருமேனியா, செர்பியா, போசுனியா, இலாத்வியா ஆகிய நாடுகளிலிருந்து பின்வாங்கோம் என்று ஒப்புக்கொள்ளச் செய்தன. பின்னர் ஆய்ந்த பொருளியலறிஞர் இரண்டு உண்மைகளைக் கண்டனர். பன்னாட்டு வைப்பகங்கள் உள்நாட்டு வைப்பகங்களைவிட விரைவாகவே கடனைச் சுருக்கின என்பது ஒன்று. வியன்னா உடன்பாட்டிற்கு உட்பட்டவை மற்றவற்றைவிட நிலையாகக் கடன் கொடுத்தன என்பது மற்றொன்று. கட்டினால் நிற்கும், கட்டாவிட்டால் ஓடும் என்பதே இதன் பொருள்.

மறுபக்கத்தையும் நடுநிலையோடு நோக்கவேண்டும். நோய் நம் நாட்டில் பிறந்து, தாய் வைப்பகத்தின் நாடு நலமாக இருந்தால், அயல்நாட்டு வைப்பகம் சிலபோது நிலையாகவே கடன் கொடுக்கும்; தாயிடமிருந்து பணம் வருவிக்கும். கிழக்கு ஐரோப்பாவில் 1990களில் நேர்ந்த உள்நாட்டு நெருக்கடிகளில் இவ்வாறும் நிகழ்ந்தது. ஆனால் இதையும் உறுதியாக நம்பியிருக்க முடியாது. அருசெந்தீனா 2001-02இல் வீழ்ந்தபோது, கனடா நாட்டு வைப்பகம் ஒன்றும் பிரெஞ்சு நாட்டு வைப்பகம் ஒன்றும் அங்கிருந்து வெளியேறின. உதவுவதும் ஓடுவதும் தாயின் உளப்பாங்கைப் பொறுத்தவை. இருக்கும் நாட்டவரின் தேவையைப் பொறுத்தவை அல்ல.

தமிழ்நாட்டிற்கு மிக அண்மையில் ஒரு நிகழ்வு. கரூரில் 1926இல் வணிகர் எழுவர் சேர்ந்து தொடங்கியது இலட்சுமி விலாசு வைப்பகம். சிற்றூர் வணிகனையும் நெசவுத் தொழிலையும் அறிந்து வளர்ந்தது அது. பின்னாளில் தன் அளவுக்கு மீறிப் பெருநிறுவனங்களுக்குக் கடன் கொடுத்து நலிந்தது. கொள்ளைநோயால் நாட்டின் பொருளியலே சுருங்கிய ஆண்டில், 27.11.2020 அன்று, அது சிங்கப்பூரின் டி.பி.எசு. வைப்பகத்தின் இந்தியக் கிளைநிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. சிங்கப்பூர்த் தாய் வைப்பகம் 2,500 கோடி உருபா முதலிட்டது. சேமித்தவர் பணம் காக்கப்பட்டது. ஆனால் பங்கு வைத்திருந்தவர்க்கு ஒரு காசும் மிஞ்சவில்லை. ஏறத்தாழ நூறாண்டு நின்ற ஒரு தமிழ்நாட்டு வைப்பகம், நம்மவர் தவற்றால் அயலார் உடைமையாயிற்று. நொடிக்கும் வேளையில் கைகொடுத்தவனைப் பழிப்பது முறையன்று. நொடிக்கும் நிலைக்கு வரவிட்டதே பழிக்கத்தக்கது.

வந்தவர் போவதும் உண்டு. நூறாண்டுக்கு மேல் இந்தியாவில் இயங்கிய சிட்டி வைப்பகம், தன் எளிய மக்கள் கணக்குகளையும் கடன் அட்டைகளையும் 1.3.2023 அன்று ஆக்சிசு வைப்பகத்திடம் ஒப்படைத்துவிட்டு, பெருநிறுவனத் தொழிலை மட்டும் வைத்துக்கொண்டது. அது நியூயார்க்கில் எடுத்த முடிவு. இங்கே கணக்கு வைத்திருந்தவரை எவரும் கேட்கவில்லை.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது?

முதலாவது, அரசின் கடன். உள்நாட்டு வைப்பகங்கள் தம் கடனில் 40 விழுக்காட்டை உழவு, சிறுதொழில் முதலிய முன்னுரிமைத் துறைகளுக்குத் தரவேண்டும் என்பது நடுவண் வைப்பகத்தின் நெறி. அயல்நாட்டு வைப்பகங்களுக்கு நெடுங்காலம் 32 விழுக்காடே போதும் என விடப்பட்டிருந்தது. 2012க்குப் பின்னரே அது படிப்படியாக 40 ஆக உயர்த்தப்பட்டது. ஆயினும், 20க்குக் குறைந்த கிளைகள் உள்ள அயல்நாட்டு வைப்பகங்கள் அந்த 40இல் 32 வரை ஏற்றுமதிக் கடனாகவே காட்டிக்கொள்ளலாம் என 2020ஆம் ஆண்டு நெறிகள் இடம் தந்தன. எஞ்சிய 8 விழுக்காடுதான் பிற முன்னுரிமைத் துறைகளுக்கு உறுதி. இந்த இடுக்கு அடைக்கப்படவேண்டும். வெறுங்கிளையாக இராமல், முதலை இந்நாட்டிலேயே பூட்டிவைத்த தனி நிறுவனமாக அவை இயங்கவேண்டும் என்பதும் வற்புறுத்தத்தக்கது. 

இரண்டாவது, வைப்பகங்களின் கடன். கடன் ஆவணம் தமிழில் இருக்கவேண்டும். கேட்டவுடன் திருப்பித் தரவேண்டும் என்னும் கட்டுப்பாடு விளங்காத மொழியில் சிறு எழுத்தில் ஒளிந்திருக்க, அதன்கீழ்த் தமிழில் கையெழுத்திடுகின்றான் நெசவாளி. படிக்க இயலாத தாளில் இடும் கையெழுத்து ஒப்புதல் ஆகுமா? தாய்மொழி என்பது மேடைக்கும் பாட்டுக்கும் மட்டும் உரியதன்று. கடன் தாளில் அது இல்லையேல் வீடும் தறியும் போகும். ஆரணியில் கணக்கு வைத்திருப்போர் அனைவரும் ஒரே குரலில் கேட்டால், மறுக்கும் கிளை எது?

மூன்றாவது, நெசவாளர் தம் கடன். இது அரிது, ஆனால் இதுவே நிலைத்தது. நமக்கு அண்டை ஊராகிய காஞ்சிபுரத்தில் 1904 அக்குதோபரில் பதிவான நகரக் கூட்டுறவுக் கடன் கழகமே இந்தியாவில் பதிவான முதல் நகரக் கூட்டுறவுக் கடன் நிறுவனம். பட்டு நெசவூர் ஒன்றில் அது பிறந்தது. உலகப் பெருஞ்சரிவின் நடுவே, 1935இல், சென்னை மாநிலக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுக் கழகம் தோன்றியது. அதுவே இன்றைய கோ-ஆப்டெக்சு. கடன் வற்றிய வேளையில் நம் முன்னோர் தமக்குத் தாமே ஊற்றுத் தோண்டினர் என்பதற்கு இவை சான்று.

ஆனால் கூட்டுறவு என்ற பெயரே காத்துவிடாது. உள்ளூரார் உடைமையும் நொடிக்கும். திருவிதாங்கூர் தேசிய குயிலோன் வைப்பகம் 1938இல் கதவடைத்தது. அதை வெள்ளையன் நடத்தவில்லை. இல்லாத தறிக்கு எண் போடுதல், நெய்யாதவன் பெயரில் நூல் எடுத்தல், விலைபோகாத புடைவையை விலைபோனதாக எழுதுதல் ஆகியன ஒரு கழகத்தைக் கொல்லும். அயலான் கடனைச் சுருக்கினால் ஓராண்டு வருந்துவோம். நம்மவன் கணக்கைத் திரித்தால் ஒரு தலைமுறை வருந்தும். சிறு கூட்டுறவுக் கழகத்தில் இடும் வைப்பிற்கு, வைப்பகங்களுக்கு உள்ள 5 இலக்கம் உருபாக் காப்பு இல்லை என்பதையும் அறிந்தே பணம் இடவேண்டும். உடையவன் பாராத வேலை ஒரு முழம் கட்டை என்பது பழமொழி. முழம் அளப்பவர்க்கு இதன் பொருளை விளக்கவேண்டியதில்லை. ஆண்டுப் பேரவைக் கூட்டத்திற்குச் சென்று, வரவு செலவைத் தமிழில் படிக்கச் சொல்லிக் கேட்டு, பொருந்தாத எண்ணை எழுந்து நின்று வினவும் உறுப்பினரே கூட்டுறவின் உண்மையான முதல்.

அயலான் பணம் வேண்டா என்று எவரும் சொல்லவேண்டியதில்லை. வரும்போது வரட்டும், ஏற்றுமதிக்கும் பெருந்தொழிலுக்கும் பயன்படட்டும். ஆனால் அது ஊடையாக இருக்கலாம். பாவாக இருத்தல் கூடாது. ஊடை அறுந்தால் முடிந்துகொண்டு நெய்யலாம். பாவு முழுதும் அறுந்தால் தறியைவிட்டு எழவேண்டியதுதான். பாவு நம்முடையதாக இருக்கட்டும். அதை நாமே ஓட்டுவோம்.

வாழ்க நெசவு! வெல்க தமிழ்!